பிள்ளைன்னா அழும்

ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த நாட்களில், ஒரு வாதாம் மரப் பொந்தில் அணில் தம்பதி குட்டியோடு குடியிருந்தது. அப்போதுதான் கண் திறந்திருந்த குட்டி, பகலெல்லாம் ஓயாமல் அழுதது.

மேல் பொந்திலிருந்த ஆந்தை எட்டிப் பார்த்தது. "பகல்லதான் நான் தூங்கணும். பிள்ளையை அடக்குங்க. இல்லேன்னா வேற மரம் பாருங்க."

கொட்டுகிற மழையில் பச்சைப் பிள்ளையோடு எங்கே போவது? பயந்துபோன அப்பா அணில், உதிர்ந்து கிடந்த பெரிய இலைகளை வாரி வந்து பொந்தின் வாயை அடைத்தது. சத்தம் குறைந்தது. ஆனால் உள்ளே குட்டிக்கு மூச்சு முட்டியது.

அம்மா அணில் பாய்ந்து வந்து இலைகளைப் பிய்த்து எறிந்தது.

"என்ன பண்றே? அவருக்குக் கோபம் வந்தா?"

"வரட்டுங்க. அவர் விடிய விடிய அலறுறாரே, நாம போய் வாயைப் பொத்தினோமா?"

"யாருடா அது, வாய் நீளுது?" என்று மேலேயிருந்து ஆந்தை உறுமியது.

அம்மா அணில் குட்டியைக் கொண்டுவந்து பொந்தின் வாசலிலேயே கிடத்தியது. "நான்தான் அண்ணே. பிள்ளைன்னா அழும். நாங்க எங்கேயும் போறதா இல்லை. நீ அழு கண்ணு, நல்லாச் சத்தமா அழு!"

குட்டியோ முதன்முதலாக மழையைப் பார்த்தது. அழுகையை மறந்து, வாயைப் பிளந்தபடி கிடந்தது.

அம்மா அணில் திகைத்து நின்றது. அப்போது அப்பா அணில் மெல்ல வெளியே வந்தது. மேல் கிளையை அண்ணாந்து பார்த்தது. பிறகு வாலைத் தூக்கிக்கொண்டு, குட்டிக்குப் பதிலாகத் தானே மரம் அதிரும்படி கத்தத் தொடங்கியது.