சிவப்பு நூல் கட்டிய சப்பாத்து

மெர்லிமாவ் கோயில் மண்டபத்தில் புவனேஸ்வரனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். இமயமலைப் பள்ளத்தாக்கில் ஏழு கல்வீட்டுக் கிராமங்களை நடந்தே கடந்த வீரராம். உண்மையில் வீரர் அடிவார விடுதியில் போர்வைக்குள் கிடந்தார். வழிகாட்டிதான் அவருடைய போனோடு போய்க் கல்வீடுகளைப் படம் பிடித்து வந்தான்.

திரையில் படங்கள் ஓடின. ஒவ்வொரு கல்வீட்டு வாசலிலும் புவனேஸ்வரனே மூச்சிரைக்க நின்றார். நேற்றுவரை அந்தப் படங்களில் யாருமில்லை. கைதட்டல் கூரையைப் பிளந்தது. அவர் தலை நிமிரவில்லை.

"கதை விடுறீங்கன்னு நெனச்சேங்க, மன்னிச்சிருங்க," என்றாள் மனைவி திலகா.

மண்டப வாசலில் அவருடைய புதுச் சப்பாத்துக்குப் பக்கத்தில் அதேபோல இன்னொரு ஜோடி, அடி தேய்ந்து, ஈரச்சேற்றோடு கிடந்தது. கோயிலில் மாறிப்போகக் கூடாதென்று திலகா கட்டிய சிவப்பு நூல் இரண்டு ஜோடியிலும் இருந்தது.

"எதுங்க உங்களோடது?"

புவனேஸ்வரன் மத்தியான வெயிலில், தார் ரோட்டில், வெறுங்காலோடு வீட்டுக்கு நடந்தார்.