காற்றாடி நின்ற நேரம்

ராஜபாளையத்து ஆஸ்பத்திரியில், கட்டிலில் படுத்தபடி சிவரஞ்சனி காகிதக் காற்றாடியை விடாமல் ஊதிக்கொண்டிருக்கிறாள். தலையெல்லாம் மூளையின் அலையைப் பதிகிற ஒயர். அதைச் சுற்றிக் கட்டியிருப்பது, அவள் அம்மா பாண்டிசெல்வி மில்லில் மடித்து அடுக்குகிற அதே பேண்டேஜ் துணி. இந்த அறையில் பாண்டிசெல்வி நம்புவது அது ஒன்றைத்தான். "நல்லா இருக்க புள்ளைய எதுக்கும்மா இப்படி மூச்சு வாங்க வைக்கீக?" டெக்னீசியன் பியூலா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வேகமா ஊதுனா ரத்தத்துல அமிலம் கொறையும்க்கா. கொறைஞ்சா, மூளை நரம்புல சேதி வாங்குற கதவெல்லாம் சட்டுனு தெறந்துக்கிடும். ஒளிஞ்சிருக்க வலிப்பு நோய் வெளிய வந்துரும்." ஒளிந்திருக்கிறதா, இந்த பியூலாவே வரவழைக்கிறாளா? மகள் மீதும் பாண்டிசெல்விக்குச் சந்தேகம்தான். வகுப்பில் வெறித்துப் பார்ப்பதெல்லாம் படிப்புக்குப் பயந்த நடிப்பு. காற்றாடி தளர்ந்து நிற்கிறது. மகளின் கண்கள் மேற்கூரையில் குத்திட்டு நிற்க, திரையில் கோடுகள் மலை மலையாக எழும்புகின்றன. "ஏட்டி, நடிக்காத." போர்வைக்குள் கையை விட்டு, லேசாகத் தொட்டாலே கத்துகிற பிள்ளையின் புறங்கையை நகம் பதியக் கிள்ளுகிறாள். இமைகூட ஆடவில்லை. சற்று நேரத்தில் காற்றாடி மறுபடியும் சுற்றுகிறது. ஊதிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டு, சிவந்த கையை அம்மாவிடமே நீட்டுகிறாள். "எம்மா, எறும்பு ஏதும் கடிச்சிருச்சா பாரேன்."