பதினேழு அடி

பேராசிரியர் மாணவியின் ஆய்வேட்டை மேசையில் விட்டெறிந்தார்.

“என் புத்தகத்துல ஒரு பக்கத்தை அப்படியே திருடியிருக்கே. கண்டுபிடிக்கக் கூடாதுன்னு ஏரி ஆழத்தை மட்டும் மாத்திட்டே. பதினேழு அடியை ஏழு ஆக்கினா என் கண்ணுல மண்ணைத் தூவிடலாமா? உன்னை இந்தப் பல்கலைக்கழகத்தை விட்டே துரத்துறேன் பாரு.”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கைப்பேசியில் தன் வலைப்பூவைத் திறந்து அவர் முன்னே நீட்டினாள்.

“நாலு வருஷத்துக்கு முன்னாடி நான் எழுதின பதிவு சார். பதினேழுன்னு தப்பா போட்டதும் நான்தான். மறுநாளே ஏழுன்னு திருத்திட்டேன். உங்க புத்தகம் போன வருஷம்தானே வந்துச்சு?”

“உன் வலைப்பூவையெல்லாம் நான் எதுக்குப் படிக்கப்போறேன்?”

“கீழ பாருங்க சார். திருத்துறதுக்கு முன்னாடி வந்த ஒரே கருத்து. ‘அருமை, தொடர்ந்து எழுதும்மா.’ உங்க பேரும் படமும் பக்கத்துலயே இருக்கு.”