செத்த கீபோர்டு

"சார், நான் எழுதின கம்ப்யூட்டர் ஸ்கிரிப்ட் பாஸ்வேர்டு கேட்டுச்சு, அடிச்சேன். அப்புறம் எதை அடிச்சாலும் திரையில எழுத்தே வரல," என்றாள் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள்.

சீனியர் உதட்டைப் பிதுக்கினார். "கீபோர்டு செத்துக் கிடக்கு. இதைக் கண்டுபிடிக்கத் துப்பில்ல, ஸ்கிரிப்ட் எழுத வந்துட்டாங்க!"

"இல்ல சார், அது..."

"வாயை மூடிட்டுப் பாரும்மா." 'நம்ம மேனேஜர் ஒரு அடிமுட்டாள்' என்று தடதடவென அடித்து என்டரைத் தட்டினார். திரையில் ஓர் எழுத்துகூட இல்லை. "பாத்தியா? பொணம்!"

அறையிலிருந்த செல்போன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் சிணுங்கின, அவருடையதும்தான்.

"பாஸ்வேர்டு யார் கண்ணுலயும் படக் கூடாதுன்னு எழுத்தை மறைச்சேன் சார், திரும்பக் காட்டச் சொல்ல மறந்துட்டேன்," என்றாள் அவள். " அடிக்கிறதை ஆபீஸ்ல எல்லார் போனுக்கும் அறிவிப்பா அனுப்புற ஸ்கிரிப்ட் அது."

மேனேஜர் போனும் கையுமாக வெளியே வந்தார். "யாருய்யா இதை அடிச்சது?"

"கீபோர்டு... வேலை செய்யல சார்," என்று இழுத்தார் சீனியர்.

"ரொம்ப நல்லாவே செய்யுது."