கடைசி வரிசைக் கேள்வி

"எங்கே, கேளு. பதில் சொல்லிப் பாக்கறேன்" என்று கண்ணாடி முன் நின்று சட்டைப் பொத்தானைப் போட்டார் நகராட்சிப் பொறியாளர். பழைய கடை வளாகத்தை இடித்துக் கட்டுவது பற்றி இன்று மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம். மேடையில் அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"கட்டி முடிக்க ரெண்டு வருஷம்ங்கறீங்க. அதுவரைக்கும் நாங்க கடையை எங்கே வச்சுக்கறது?"

"அது வந்து... மாற்று ஏற்பாடு... பரிசீலனையில..."

"மென்னு முழுங்காதீங்க. எங்கே?"

"இவ்வளவு கறாரா யாரும் கேக்க மாட்டாங்க, விடு."

"கேப்பாங்க" என்றபடி சாப்பாட்டுப் பையை அவர் கையில் திணித்தாள்.

கூட்டத்தில் பார்க்கிங் பற்றிக் கேட்டார்கள், கழிப்பறை பற்றிக் கேட்டார்கள், லிஃப்ட் உண்டா என்றார்கள். அவர் சொன்னதையெல்லாம் எழுத்தர் ஒரு வரி விடாமல் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தார். அந்தக் கேள்வி மட்டும் வரவில்லை. கூட்டத் தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். பொறியாளருக்கு அப்பாடா என்றிருந்தது.

கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது. மடிக்கத் தொடங்கிய காகிதத்தைப் பொறியாளர் மறுபடி பிரித்தார்.

"எந்தக் கடைன்னு சொல்லிட்டுக் கேளுங்கம்மா" என்றார் தலைவர்.

கழுத்தில் இஞ்ச் டேப் தொங்க எழுந்து நின்றாள், பொறியாளரின் மனைவி.

"ஒன்பதாம் நம்பர் தையல் கடைங்க. சாரைக் காலையிலேயே வீட்டுல கேட்டேன், மென்னு முழுங்கினாரு. இங்கே சொன்னா எழுதி வச்சுக்குவீங்கல்ல?"