பெயர் போடக் கூடாது

"தலைவரைக் கொன்னது இந்தக் கடுதாசிதான்!" சங்கச் செயலாளர் காகிதத்தை மேசைமேல் அறைந்தார். "இதை எழுதின ஆளே இன்னிக்கு மேடையேறி அவரைப் புகழ்ந்து பேசப் போறாராம். நல்லா இருக்குய்யா நியாயம்!"

எதிரே நின்ற தையற்கடைக்காரரின் முகம் வெளுத்தது. நான்கு பக்க இரங்கல் உரை அவர் சட்டைப்பையில் இருந்தது. நினைவுக் கூட்டத்துக்கு இன்னும் அரைமணி நேரம்தான். கீழே கூடத்தில் நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

சந்தை வியாபாரிகள் சங்கத்துக்குப் பதினெட்டு ஆண்டுகள் தலைவராக இருந்தவர், போன திங்கட்கிழமை காலை இதே அறையில், கடிதத்தைக் கையில் பிடித்தபடியே போய்ச் சேர்ந்துவிட்டார். முதலில் பார்த்தவர் செயலாளர். கடிதத்தை உருவி, இன்றுவரை வெளியே காட்டாமல் வைத்திருந்தார்.

"நான் எழுதலண்ணே. ரெண்டு தேர்தல்ல அவரை எதிர்த்து நின்னேன், இல்லங்கல. மூஞ்சிக்கு நேராத்தான் நின்னேன்."

"அப்ப இது யாரு?" செயலாளர் உரக்கப் படித்தார். "'போதும், நாற்காலியை விட்டு இறங்குங்கள். இளைத்துப்போய், சட்டைக் கழுத்துக்குள் மூன்று விரல் போகிறது. செருப்பு வார் மாட்டக் குனிந்தாலே மூச்சு இரைக்கிறது. இனி உங்களால் ஆகாது.' அடுத்தவன் சட்டைக் கழுத்தை அளந்து பாக்கிறது தையல்காரனை விட்டா எவன்யா?"

இடக்கையால் எழுதியதுபோல் எழுத்துகள் கோணிக்கொண்டு நின்றன. பெயர் இல்லை. வாசலில் தலைவர் மாட்டிவைத்த புகார்ப் பெட்டியில் விழும் கடிதங்கள் எல்லாமே அப்படித்தான். பெயர் போடக் கூடாது என்பது அவரே வைத்த சட்டம்.

"பேரைப் பாத்தா ஆளுதான் தெரியும், விஷயம் தெரியாதும்பாரு" என்று இடையில் புகுந்தார் பொருளாளரான இரும்புக்கடைக்காரர். "வீட்டுல அக்கா நூறு தடவை சொன்னாலும் மனுஷன் அசைய மாட்டாரு. பெட்டியில ஒரு துண்டுச் சீட்டு விழுந்தாப் போதும், சாக்கடைன்னாலும் இறங்கிடுவாரு."

"நீ சும்மா இருய்யா!" செயலாளர் தையற்கடைக்காரர் பக்கம் திரும்பினார். "மேடையில உனக்கு இடம் கிடையாது. மீறி ஏறினா, இதை மைக்குல படிப்பேன்."

தையற்கடைக்காரர் நான்கு பக்கங்களையும் எடுத்து மேசைமேல் வைத்தார். "வேற யாராச்சும் படிங்க. அவருக்குச் சேர வேண்டியது" என்றார். போகத் திரும்பியவர் அப்படியே நின்றார்.

வாசலில் தலைவரின் மனைவி, படியேறிய களைப்பில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"அவரோட மூக்குக்கண்ணாடி இங்கேயே தங்கிடுச்சு. எடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"ஒரு ஆளை அனுப்பியிருக்கலாமேக்கா, நானே கொண்டுவந்து குடுத்திருப்பேனே!" செயலாளர் அவசரமாகக் கடிதத்தைப் பதிவேட்டுக்கு அடியில் தள்ளினார். பாதிதான் மறைந்தது.

அந்த அம்மாள் மெல்ல மேசையருகே வந்தார். கண்ணாடி எதிரிலேயே இருந்தது, அதைத் தொடவில்லை. காகிதத்தை உருவினார். படிக்காமல், பிரித்திருந்த மடிப்பை மட்டும் விரலால் தடவிப் பார்த்தார்.

பிறகு நிமிர்ந்தார்.

"நான் எழுதினதை அவர் படிச்சுட்டாரா, தம்பி?"