அந்தரத்தில் பத்தாவது மூட்டை

ஒன்பது மூட்டை ஒழுங்காகக் கிடங்கு மாடிக்கு ஏறும். பத்தாவது மட்டும் அந்தரத்தில் தொங்கிவிடும். தூக்கி எந்திரத்தின் பழைய நிரல் சி மொழியில் எழுதியது. அதில் கைவைக்க யாருக்கும் துணிவில்லை. அதை உள்ளே வைத்து, பைத்தான் என்ற எளிய மொழியில் மேலுறை எழுத ஜெசிந்தா வந்திருந்தாள். அதைப் போட்டதிலிருந்துதான் இந்தத் தொங்கல். மாலைக்குள் சரியாகாவிட்டால் பழையபடி தலைச்சுமையாகத்தான் ஏற்ற வேண்டும். முப்பத்திரண்டு படி. என் முழங்கால் தாங்காது. ஆனாலும் சும்மாட்டுத் துண்டைக் காலையிலேயே தலையில் கட்டியிருந்தேன்.

“மூட்டை மேல வந்ததும் கூப்பிடுன்னு பழைய நிரல்கிட்ட ஆள் மாதிரி ஒரு குட்டி நிரலை ஒப்படைச்சேண்ணே. பத்தாவதுக்கு அது கூப்பிடுறப்ப ஆளைக் காணோம்.”

“யாரு தாயி அனுப்பிவிட்டது?”

“என் பைத்தான்தான். ஒப்படைச்சாச்சே, இனி எதுக்குன்னு கலைச்சுவிட்டுடுது.”

“கூறுகெட்டதா இருக்கே! மூட்டையை வாங்குறவன் ‘பிடிச்சேன்’னாலும் நாங்க கையை எடுக்க மாட்டோம். ‘விடு’ன்னு சொல்லணும்.”

தட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு ஒரு வரி சேர்த்தாள். அதன் தலையில் தமிழிலும் ஏதோ எழுதினாள். ஐம்பது வயதில் எழுத்துப் படித்தவன் நான். திரையில் விரல் வைத்து ஒவ்வொன்றாகக் கூட்டினேன்: ‘பழசு விடு என்கிறவரை கையை எடுக்காதே.’

ஒன்பது மூட்டை ஏறின. பத்தாவதை நானே கொக்கியில் மாட்டினேன். அது ஆடாமல் எழும்பி, எப்போதும் நிற்கிற சுவர் விரிசலை நெருங்கியது. தலைத் துண்டை அவிழ்த்துக்கொண்டே அண்ணாந்து பார்த்தேன்.